ஆம்பூர் கழிவுநீரும் மின்மினி வெளிச்சமும்: ஏடிபி-யைக் கண்டுபிடித்த சுப்பாராவ் யார்?

சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவர்களுக்கு ஆம்பூர் வந்ததும் இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று பிரியாணி, இன்னொன்று ஷூ. ரயில் ஜன்னல் திறந்திருந்தால் மூன்றாவதாக ஒரு வாடையும் வரும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் வாடை.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களெல்லாம் சேர்ந்ததுதான் பழைய வேலூர் மாவட்டத்தின் தோல் வட்டாரம். ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலை ஊறவைத்தார்கள். 1970-களுக்குப் பிறகு வேலை பெரும்பாலும் குரோம் உப்புக்கு மாறியது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. தொழில் வளர்ந்தது, வேலை கிடைத்தது, ஏற்றுமதி பெருகியது. பாலாறும் கிணறுகளும் கெட்டன.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன, சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டது. இவையெல்லாம் அந்தத் தீர்ப்பிலேயே பதிவான கணக்குகள்.

இதில் 170 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பாட்டில் கழிவுநீரை ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். குரோமியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, சல்ஃபைடு எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து தருவார்கள். ஆனால் கிணற்றடியில் நிற்கிற விவசாயியின் கேள்வி வேறு. எல்லாம் கலந்த இந்தத் தண்ணீர் உயிரைக் கொல்லுமா, கொல்லாதா?

அதற்கு ஒரு நேரடி வழி உண்டு. அந்தத் தண்ணீரை உயிருள்ள செல்கள் மீது ஊற்றிவிட்டு, செல்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பது. எப்படிப் பார்ப்பது? மின்மினிப் பூச்சியின் வெளிச்சத்தை வைத்துத்தான்.

உயிருள்ள ஒவ்வொரு செல்லிலும் ஏடிபி என்ற ஒரு பொருள் இருக்கிறது. மின்மினியின் வால் எரிய அதே ஏடிபி வேண்டும். ஆக, மின்மினி நொதியைக் கலந்தால் உயிருள்ள செல் வெளிச்சம் காட்டும், செத்த செல் காட்டாது. இன்று மருந்து ஆய்வகங்களிலும் நீர் ஆய்வகங்களிலும் நச்சுத்தன்மையைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படும் முறை இது.

அந்த ஏடிபி-யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் திருவல்லிக்கேணியில் பள்ளிப்படிப்பு முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

வாழைப்பழம் விற்கக் கிளம்பிய பையன்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திராவில் இருக்கும் அந்த ஊர் அப்போது சென்னை மாகாணம். அப்பா ஜகன்னாதம் வருவாய்த் துறையில் சின்ன உத்தியோகம். அம்மா வெங்கம்மா. வீட்டில் ஏழு குழந்தைகள். பணக்கஷ்டத்துக்குக் குறைவில்லை.

பையனுக்கு 13 வயது இருக்கும்போது வீட்டைவிட்டு ஓடிப்போனான். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்பது திட்டம். அம்மா விடவில்லை. பிடித்து வந்து மறுபடியும் பள்ளியில் உட்கார வைத்தார்.

படிப்பு சுலபமாக வரவில்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை கோட்டைவிட்டார். சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முறைதான் தேறினார். அதன்பிறகு மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட்.

இந்தச் சமயத்தில் அவருக்கு ராமகிருஷ்ண மடத்தின் மீது ஈடுபாடு வந்தது. சந்நியாசம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அம்மா மறுபடியும் குறுக்கே நின்றார். மடத்துத் துறவிகளும் அம்மா சம்மதம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள முடியாது, மருத்துவம் படித்துவிட்டுச் சேவை செய் என்று திருப்பி அனுப்பினார்கள். 1915-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் கோட்டும் எல்.எம்.எஸ் சான்றிதழும்

சுதந்திரப் போராட்டம் சூடுபிடித்த காலம். அந்நியத் துணியை விடுங்கள் என்ற காந்தியின் அழைப்பு மாணவர்களையும் எட்டியிருந்தது. சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை.

எழுத்துத் தேர்வு நன்றாகவே எழுதினார். ஆனால் எம்.பி.பி.எஸ் பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ் சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். கதருக்குக் கொடுத்த விலை அது என்று அவருடைய வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். இன்றைய கணக்கில் யோசித்துப் பாருங்கள். ஒரு உடைக்காக டிகிரியே ஒரு படி இறங்கிவிட்டது. அந்த ஒரு படி பின்னால் அமெரிக்கா வரைக்கும் அவரைத் துரத்தியது.

மாகாண மருத்துவப் பணியில் சேர முயன்றார், இடம் கிடைக்கவில்லை. ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு ஆசிரியர் வேலைதான் கிடைத்தது. அதை நடத்தியவர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி. எழும்பூரில் ருக்மிணி லட்சுமிபதி சாலை என்று ஒன்று இருக்கிறதே, அந்த ருக்மிணியின் கணவர் இவர்தான்.

வீட்டுக்குள் வந்த நோய்

சுப்பாராவை ஆராய்ச்சிப் பக்கம் தள்ளியது ஒரு நோய். ஸ்ப்ரூ என்பார்கள். சாப்பிட்ட சத்தைக் குடல் உறிஞ்சாது. ஓயாத வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, கடைசியில் உடம்பு கரைந்து எலும்பும் தோலுமாகிவிடும். அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இதில் போனார்கள். அவரையும் அதே நோய் பிடித்தது. லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார்.

ஏன் வருகிறது, எதனால் தீர்கிறது என்று அப்போது எந்த டாக்டருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் மனசில் ஆழமாகப் பதிந்தது.

இது வேலூருக்கும் அந்நியமான நோய் இல்லை. 1960-களில் வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் மாதிரி பரவியது. வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் இருந்த வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவு அதைக் கிராமம் கிராமமாகப் போய் ஆராய்ந்தது. ஸ்ப்ரூ பற்றிய உலக மருத்துவ அறிவில் ஒரு முக்கியப் பங்கு அங்கிருந்து போனதுதான்.

பாஸ்டனில் இரவு வேலை

1919-ல் சுப்பாராவுக்கும் சேஷகிரிக்கும் கல்யாணம். மாமனார் சூரியநாராயண மூர்த்தி பணம் திரட்டிக் கொடுத்தார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறக்கட்டளை உதவி செய்வதாகச் சொன்னது. 1920-களின் தொடக்கத்தில் கப்பலேறி பாஸ்டனில் இறங்கினார். ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை.

கையில் இருப்பது எல்.எம்.எஸ். அதை வைத்து அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது. பகலில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை. நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவி வைப்பது வரை எல்லாமே செய்தார்.

ஊரில் சேஷகிரி காத்திருந்தார். சுப்பாராவ் கிளம்பிய பிறகு ஒரு மகன் பிறந்தான். குழந்தைப் பருவத்திலேயே இறந்தும் போனான். அப்பா முகத்தைப் பிள்ளை பார்க்கவில்லை, பிள்ளை முகத்தை அப்பாவும் பார்க்கவில்லை. சில வருஷத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனவர் கடைசிவரை வரவே இல்லை. மனைவியை மறுபடி பார்க்கவும் இல்லை. அவருடைய சாதனைகளைப் படிக்கும்போது, அந்த வீட்டில் ஒரு பெண் 25 வருஷத்துக்கு மேல் காத்திருந்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நீல நிறத்தில் ஒரு அளவுகோல்

டிப்ளமோ முடிந்ததும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறைக்கு மாறினார். துறைத் தலைவர் ஆட்டோ ஃபோலின். கூட வேலை பார்த்தவர் சைரஸ் ஃபிஸ்க்.

அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் வேலை வெளியிலிருந்து பார்த்தால் சுவாரஸ்யமே இல்லாதது. ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. 1925-ல் வழி கண்டுபிடித்தார்கள். மாதிரியில் மாலிப்டேட் சேர்த்து, இன்னொரு ரசாயனத்தால் மாற்றினால் நீல நிறம் வரும். பாஸ்பேட் கூடக்கூட நீலம் அடர்த்தியாகும். நிறத்தைப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று இன்றும் உயிர்வேதியியல் மாணவர்கள் பாடத்தில் படிப்பது இதைத்தான்.

கவனியுங்கள், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நிறத்தால் அளப்பது இந்த முறை. கண்ணுக்குத் தெரியாத உயிரை வெளிச்சத்தால் அளப்பது மின்மினி முறை. இரண்டுக்கும் அடிப்படை யோசனை ஒன்றேதான். இரண்டாவதுக்குத் தேவையான பொருள் கிடைத்ததும் இந்த நீல நிறத்தின் தயவில்தான்.

தசைக்குள் ஒளிந்திருந்த ஏடிபி

தசை எப்படிச் சுருங்குகிறது, அதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது? 1922-ல் ஹில், மெயர்ஹாஃப் இருவருக்கும் தசை ஆராய்ச்சிக்காக நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறுவதுதான் சக்திக்குக் காரணம் என்பது அன்றைய நம்பிக்கை.

ஃபிஸ்கும் சுப்பாராவும் தசைச் சாற்றில் தங்கள் நீல நிறச் சோதனையைச் செய்தபோது கணக்கு உதைத்தது. நிறம் ஒரே தடவையில் வந்து நிற்கவில்லை, நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனது. அப்படியானால் உள்ளே எதுவோ உடைந்து பாஸ்பேட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. தேடியபோது பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் கிடைத்தது. 1927-ல் அறிவித்தார்கள். லாக்டிக் அமிலக் கதை ஆட்டம் காண ஆரம்பித்தது.

1929-ல் அடுத்தது: அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக இதைக் கண்டுபிடித்தார். லோமன் பெயர் கொஞ்சம் முன்னால் அச்சில் வந்தது. அதனால் பல புத்தகங்களில் அந்தப் பெயர் மட்டும் நிற்கிறது.

ஏடிபி என்றால் என்ன? ஒரு அடினோசின், அதன் பின்னால் கோத்த மாதிரி மூன்று பாஸ்பேட். கடைசி பாஸ்பேட் கழன்றால் சக்தி வெளிப்படும். மறுபடி ஒட்டினால் சார்ஜ் ஏறிவிடும். நீங்கள் இந்த வரியைப் படிக்கக் கண்ணை நகர்த்துவதும் திரையில் விரலைத் தள்ளுவதும் இதன் செலவில்தான். ஒரே நாளில் நம் உடம்பு ஏறக்குறைய தன் எடை அளவுக்கு ஏடிபி-யை உடைத்து, திரும்பத் திரும்பக் கட்டுகிறது. கையிருப்பில் எந்த நேரமும் கொஞ்சம்தான் இருக்கும். உற்பத்தி நின்றால் மிச்சமும் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால்தான் ஏடிபி இருக்கிறது என்றால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

1930-ல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. வேலையில் பாதி அவருடையது, பெயரில் முன்னால் நிற்பது ஃபிஸ்க். அதே ஆய்வகத்தில் படித்து, பின்னால் 1988-ல் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஹிச்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களை ஃபிஸ்க் வெளியே வரவிடாததால் பல வருஷம் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று பதிவு செய்திருக்கிறார்.

எட்டு வருஷம், நான்கு மருந்து

1940-ல் ஹார்வர்டை விட்டார். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார், ஆராய்ச்சித் தலைவராகவும் ஆனார். பாக்கியிருந்த எட்டு வருஷத்தில் அவருடைய குழு செய்தவற்றின் பட்டியல் இது.

ஃபோலிக் அமிலம்: சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு மருந்து தேடித்தானே கப்பலேறினார்? அதற்கும், ஒருவகை ரத்தசோகைக்கும் பலன் தரும் இந்த வைட்டமினை 1945-ல் அவர் குழு ஆய்வகத்தில் தயாரித்துக் காட்டியது. இன்று அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது இதுவே.

டைஎத்தில்கார்பமசின்: 1947-ல் வந்தது. யானைக்கால் நோய்க்கான மருந்து. தமிழ்நாட்டில் வீடு வீடாக வந்து சுகாதார ஊழியர்கள் கொடுத்தார்களே, அந்த டி.இ.சி மாத்திரை.

அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட்: ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம், ஆனால் அதன் வேலையைத் தடுக்கும். வேகமாகப் பெருகும் புற்று செல் பட்டினியில் சாகும். பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினை ரத்தப்புற்று வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது. 1948-ல் அந்த முடிவு வெளியானது. கீமோதெரபி என்ற சொல்லுக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

ஆரியோமைசின்: டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்குகளில் முதலாவது. மண்ணிலிருந்து இதைக் கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர். அந்தத் தேடல் நடந்தது சுப்பாராவின் தலைமையில்.

1948 ஆகஸ்ட்டில், ஆரியோமைசின் அறிவிப்பு வந்து சில வாரங்கள்கூட ஆகாத நிலையில், தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 53. பேட்டி கொடுக்கிற பழக்கம் இல்லை, மேடைக்கு முண்டியடிக்கிற பழக்கமும் இல்லை. அதனால் அமெரிக்காவில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. இந்தியாவில் அதைவிடக் குறைவு. 1995-ல் நூற்றாண்டுக்கு ஒரு தபால்தலை வந்தது.

சரி, மின்மினி எங்கே வந்தது?

சுப்பாராவ் இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், 1947-ல். பால்டிமோரில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மெக்எல்ராய் என்ற ஆராய்ச்சியாளர் மின்மினிகளை நோண்டிக்கொண்டிருந்தார். ஊர்க் குழந்தைகளிடம் 100 பூச்சிக்கு 25 சென்ட் கொடுத்துப் பிடித்துவரச் சொல்வார்.

மின்மினி வெளிச்சத்துக்கு இரண்டு பொருள் வேண்டும் என்பது அதற்கு முன்பே தெரியும். 1880-களில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ரஃபேல் டுபோயிஸ், வேறு ஒளிரும் உயிரினங்களை வைத்து அவற்றுக்குப் பெயரும் வைத்திருந்தார். எரிகிற பொருள் லூசிஃபெரின், எரிய வைக்கிற நொதி லூசிஃபெரேஸ். ஆனால் மின்மினி வாலை அரைத்துச் சாறு எடுத்தால் கொஞ்ச நேரம் மின்னிவிட்டு அணைந்துவிடும். ஏன்?

மெக்எல்ராய் அணைந்த சாற்றில் ஏடிபி-யைச் சேர்த்தார். மறுபடி எரிந்தது. இன்னும் சேர்த்தால் இன்னும் பிரகாசம். ஏடிபி எவ்வளவோ அவ்வளவு வெளிச்சம். அதாவது, மின்மினிச் சாறு ஏடிபி-யை அளக்கும் கருவி ஆகிவிட்டது. 1985-ல் லூசிஃபெரேஸ் மரபணுவைப் பிரித்துப் பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அதன்பிறகு பூச்சி பிடிக்கும் தேவையும் குறைந்தது. பாக்டீரியாவே நொதியைத் தயாரித்துத் தரும்.

பாலாற்றுத் தண்ணீரில் இதை எப்படிச் செய்வது?

ஆய்வகத்தில் 96 சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரே அளவு உயிருள்ள செல்கள் அல்லது பாக்டீரியா. முதல் வரிசைக்கு நல்ல தண்ணீர். அடுத்த வரிசைகளுக்குக் கழிவுநீரைப் பல மடங்கு நீர்த்து, படிப்படியாக அடர்த்தி கூட்டி ஊற்றுவார்கள். குறிப்பிட்ட நேரம் விட்டுவிட்டு, செல்லை உடைத்து, லூசிஃபெரினும் லூசிஃபெரேஸும் சேர்ப்பார்கள். வெளிச்சத்தைக் கருவி எண்ணும்.

நல்ல தண்ணீர்க் குழியின் வெளிச்சம் 100 என்றால், எந்த அடர்த்தியில் அது 50 ஆகக் குறைகிறதோ அதுதான் அந்தக் கழிவுநீரின் நச்சு அளவு. எவ்வளவு நீர்த்தும் வெளிச்சம் பாதியாகிறது என்றால் அது கொடிய தண்ணீர்.

நம் நாட்டின் கழிவுநீர் விதிகளில் இருக்கும் உயிர்ச் சோதனை மீன் சோதனை. நீர்க்காத கழிவுநீரில் மீன்களை விட்டால் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீதம் பிழைத்திருக்க வேண்டும். நல்ல விதிதான், ஆனால் நாலு நாள் ஆகும். அதற்குள் அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? மின்மினி முறையில் செல்களை ஊறவிடும் நேரம் போக, வெளிச்சத்தைப் படிக்கச் சில நிமிடம் போதும்.

இன்னொரு பயன் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை நிலையங்களின் காற்றூட்டுத் தொட்டிகளில் கழிவைத் தின்று தீர்ப்பது பாக்டீரியா. ஏதோ ஒரு நாள் விஷம் அதிகமாக வந்துவிட்டால் அவை செத்துவிடும், சுத்திகரிப்பும் படுத்துவிடும். வழக்கமான பி.ஓ.டி சோதனைக்கு நம் ஊர் முறையில் 27 டிகிரியில் 3 நாள் வேண்டும். தொட்டியில் ஒரு குவளை எடுத்து ஏடிபி பார்த்தால், பாக்டீரியா நலமா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இது சர்வரோக நிவாரணி இல்லை

மூன்று எச்சரிக்கை உண்டு. முதலாவது, தோல் கழிவில் உப்பும் நிறமும் அதிகம். உப்பு நொதியை முடக்கும், நிறம் வெளிச்சத்தை மறைக்கும். செல் உயிரோடு இருக்கும்போதே செத்த மாதிரி காட்டிவிடும். அதனால் அளவு தெரிந்த ஏடிபி-யை அதே தண்ணீரில் தனியாகச் சேர்த்து, கருவி சரியாகப் படிக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, கொல்வது எது என்று இது சொல்லாது. மொத்த குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஆபத்தான ஆறு இணைதிறன் குரோமியம் 0.1 மில்லிகிராம் என்ற வரம்புகளை ரசாயனச் சோதனைதான் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, உடனே கொல்லும் விஷத்தைத்தான் இது காட்டும். 20 வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும் பாதிப்பை ஒரு தட்டு செல்கள் சொல்லிவிடாது. ஆகவே இது முதல் மணி, கடைசித் தீர்ப்பு இல்லை.

தீர்ப்பு என்றால், பாலாறு விவகாரத்தில் அதுவும் முடியவில்லை. 1996-க்குப் பிறகு 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் வேலூர் தோல் கழிவு வழக்கில் உத்தரவு போட்டது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு கண்காணிக்க வேண்டும் என்றது. முதல் வழக்குக்கும் இதற்கும் நடுவில் 30 வருஷத்துக்கு மேல். அவ்வளவு காலமும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் சரியாகிவிட்டதா? பதில் வேகமாகவும், யார் செய்து பார்த்தாலும் ஒரே மாதிரியும் வந்தால், ஆலை வைத்திருப்பவருக்கும் நல்லது, கிணறு வைத்திருப்பவருக்கும் நல்லது.

சுப்பாராவின் பெயரில் பெரிய பரிசு எதுவும் இல்லை. ஒரு பூஞ்சை இருக்கிறது. அவர் இறந்த ஐந்தாவது வருஷம், 1953-ல், ஹெசல்டைன் என்ற ஆராய்ச்சியாளர் புதிதாகக் கண்ட ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார். அது கிடைத்த இடம் சாக்கடைநீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டிப் படுகை. அழுக்குத் தண்ணீரில் வாழ்ந்து, தண்ணீர் தெளிய உதவும் உயிர்க்கூட்டத்தில் அதுவும் ஒன்று.